எல்லாக் கேமையும் ஏத்தித் தாங்கோ

கேம் பெட்டி திருத்துகிற தொழிலில் கண் நோகும், விரல் சுடும், கழுத்துப் பிடிக்கும். அதையெல்லாம் பொறுக்கலாம், “எல்லாக் கேமையும் ஏத்தித் தாங்கோ” என்று சொல்கிறவர்களைத்தான் பொறுக்க முடியாது.

என் கடை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், கம்பஸ் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குக் கிட்ட. போனும் கொம்பியூட்டரும் திருத்துவேன். வெளிநாட்டுச் சொந்தங்கள் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிற கையடக்கக் கேம் பெட்டிகளையும் திருத்துவேன். அவற்றுக்கு பிளாஷ் காட் என்று ஒரு சின்ன நினைவக அட்டை உண்டு. கொம்பியூட்டரில் இருக்கிற கேமை அதில் ஏற்றிப் பெட்டிக்குள் போட்டு விளையாடலாம். காட் வைத்திருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. அது வெறும் போத்தல். நல்லெண்ணெயும் விடலாம், கசிப்புச் சாராயமும் விடலாம். ஆட்கள் தாங்களே எழுதி இலவசமாக விடுகிற கேம்கள் இருக்கின்றன, அவற்றை ஹோம்புரூ என்பார்கள். என் கடையில் அவை மட்டும்தான் ஏற்றப்படும். மற்றவன் உழைத்துச் செய்ததைக் களவாக ஏற்ற மாட்டேன். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியும் இருக்கிறேன். ஒருவரும் வாசிப்பதில்லை.

உங்களில் யாராவது கொம்பியூட்டர் கடையோ போன் கடையோ வைத்திருந்தால், மேலே வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும்.

லண்டன் சாமான்

திருவிழாவுக்கு ஊருக்கு வந்த ஓர் அண்ணை, மருமகனுக்கென்று லண்டனில் வாங்கிய காட்டோடு வந்தார். பளபளவென்ற பெட்டி, உள்ளே ஒரு காட், அதற்குள் நூற்றுக்கணக்கில் கேம். பாதி ஓடவில்லை. “அண்ணை, இது பிளாஷ் காட். உள்ளுக்கிருக்கிற கேம் முழுக்கக் களவாக் கொப்பி பண்ணினது. ஆரோ சந்தையிலை வைச்சு உங்கடை தலையிலை கட்டிப்போட்டாங்கள்” என்றேன்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதில் அச்சடித்திருந்த ஆங்கிலத்தை எனக்கு உரத்து வாசித்தும் காட்டினார், எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். கடைசியில் காட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: “லண்டனிலை களவுச் சாமான் விக்க விடாங்கள், தங்கச்சி. பழுது உம்மடை கையிலைதான்.”

சட்டம் தெரிந்தவர்

ஒரு நாள் ஒரு சட்டத்தரணி வந்தார். கறுத்தக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார். வந்தவர் என் சுவரில் இருந்ததை நின்று வாசித்தார். முதல்முறையாக ஒரு மனிதர் வாசித்தார். எனக்கு வந்த சந்தோசத்தில் பக்கத்துக் கடைக்குச் சொல்லி அவருக்குப் பிளேன்ரீ எடுப்பித்தேன்.

“நல்ல வேலை செய்திருக்கிறீர், பிள்ளை” என்று தொடங்கினார். வெறும் காட்டை விற்பதில் பிழை சொல்வது கஷ்டம். தானே எழுதிய கேமை ஏற்றினால் பிழையே இல்லை. மற்றவன் கேமைப் பிரதி பண்ணி விற்பது மட்டும் முழுப் பிழை. புலமைச் சொத்துச் சட்டம் இந்த நாட்டிலும் இருக்கிறது, சனம்தான் அதை மதிப்பதில்லை. இப்படி எல்லாவற்றையும் ஆறுதலாக, அழகாக விளங்கப்படுத்தினார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு கோட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டு ஒரு கேம் பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, “இதுக்கு எல்லாக் கேமையும் ஏத்திவிடும்” என்றார்.

“ஐயா, இப்பதானே பிழையெண்டு சொன்னீங்கள்?”

அவர் கொஞ்சமும் கூசவில்லை. “சட்டம் வேறை, பிள்ளை. என்ரை மகன்ரை பிறந்தநாள் வேறை.”

வெங்காய லோட்

மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கடை ஓடாது, கொடுக்கவும் ஏதாவது வேண்டும். அதனால் நானே ஒரு கேம் எழுதினேன். ஒரு மாரி முழுக்க அதிலேயே போனது. பெயர் ‘வெங்காய லோட்’. லாண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் வெங்காய மூட்டை அடுக்கி, பண்டத்தரிப்பிலிருந்து சுன்னாகம் சந்தைக்குக் கொண்டு போக வேண்டும். வழி முழுக்கக் குழி. ஆடு குறுக்கே வரும். மூட்டை விழுந்தால் பின்னால் சைக்கிளில் வருகிறவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார், திருப்பித் தரமாட்டார். இயந்திரச் சத்தம் என் அண்ணையின் லாண்ட்மாஸ்டரில் பதிந்தது. ஸ்ராட் பண்ணும்போது புகையடித்து அண்ணை இருமுகிற சத்தமும் சேர்ந்து பதிந்துவிட்டது. கேட்கச் சிரிப்பாக இருந்ததால் அப்படியே விட்டேன். முதல் திரையில் என் பெயர். அதற்குக் கீழே, ‘இது இலவசம். யாருக்கும் கொடுங்கள். விற்காதீர்கள், பெயரை எடுக்காதீர்கள்.’

கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா ஏற்றிக் கொடுத்தேன். பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். பிறகு பண்டத்தரிப்புப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற வாத்தியார் வந்தார், இளம் ஆள். பள்ளிக்கூடக் கண்காட்சியில் இதை ஒரு மேசையில் வைப்போம், நீங்களே வந்து எப்படிச் செய்தீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார். என் மாமி வீட்டில் என்னை ‘விளையாட்டுச் சாமானோடை விளையாடுற பொம்பிளை’ என்றுதான் சொல்வார்கள். அந்த மேசையில் ஒரு மட்டையில் என் பெயர் இருக்க வேண்டும், அதை மாமி பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. உடனே ஓம் என்றேன். வாத்தியார் போகும்போது சொன்னார்: “இதைப் பாத்தாலாவது எங்கடை பிள்ளையள் கொப்பி அடிக்கிறதை விட்டிட்டு, தாங்களாச் செய்யப் பாப்பினம், அக்கா.”

சும்மா கிடந்தது

கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு தாய், நடுவில் நின்றுவிடுகிற கேமைத் திருத்தித் தரச் சொல்லிப் பெட்டியைக் கொண்டுவந்தா. சுன்னாகத்தில் ஒரு கடையில் காசு கொடுத்து ஏற்றியதாம். போட்டுப் பார்த்தேன். ‘சுன்னாகம் எக்ஸ்பிரஸ்’ என்று வந்தது. கீழே அந்தக் கடையின் பெயரும் போன் நம்பரும். இயந்திரம் ஸ்ராட் ஆனது. என் அண்ணை இருமினார்.

கடையைப் பூட்டிவிட்டு அப்படியே பஸ் ஏறிச் சுன்னாகம் போனேன். கடைக்காரர் கதிரையில் சாய்ந்திருந்தார், என் வயதுதான் இருக்கும். “மற்றவன்ரையெல்லாம் களவெடுக்கிறீர், அது உம்மடை பாவம். என்ரை கேமிலை என்ரை பேரை ஏன் எடுத்தனீர்? எழுதிப் போட்டிருந்ததை வாசிக்கேல்லையோ?” என்று கத்தினேன். சந்தைக்கு வெங்காயம் வாங்க வந்தவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பற்றியெரிந்தது. ஒரு சோடா எடுக்கட்டோ என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்கள் சும்மாதானேயக்கா குடுத்தனீங்கள். சும்மா கிடந்ததை எடுத்தா அது களவோ?”

இருமல்

பொலிஸுக்குப் போனேன். முறைப்பாடு எழுதுகிறவர் பொறுமையான மனிதர். பூட்டு உடைத்தவனோ என்று கேட்டார். இல்லை. கடைக்குள் புகுந்தவனோ? இல்லை. “இப்ப அந்தக் கேம் உங்களிட்டை இல்லையோ?” இருக்கிறது என்றேன். பேனையை மூடி வைத்துவிட்டார்.

நான் விடவில்லை. இரண்டு பெட்டியையும் மேசையில் வைத்தேன். இது நான் எழுதியது, இது அவன் பெயர் மாற்றியது, இரண்டிலும் இருமுவது என் அண்ணை, வேண்டுமென்றால் ஆளையே கூட்டிவந்து இரும வைக்கிறேன் என்றேன். அவர் கேட்டார். திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டார். பக்கத்து மேசையில் இருந்தவரும் எழும்பி வந்து கேட்டார். ஆடு குறுக்கே வந்ததும் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் ஒரு கணம் நம்பிவிட்டேன். பிறகு பெட்டிகளை என் பக்கம் தள்ளிவிட்டு அந்த மனிதர் ஆறுதலாகச் சொன்னார்: “இருமல் எல்லாருக்கும் வரும், தங்கச்சி.”

ஊருக்கே தெரியும்

கண்காட்சிக்கு முதல் நாள் வாத்தியார் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பெற்றோர் சிலர் பள்ளிக்கூட அதிபரிடம் போய், அது சுன்னாகத்துக் கடைக்காரரின் கேம், திருநெல்வேலியில் ஒருத்தி அதைக் கொப்பி பண்ணிப் பெயர் மாற்றிச் சும்மா கொடுக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். களவுக் கேமைப் பள்ளிக்கூடத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கு என்ன முன்மாதிரி என்று அதிபர் கேட்டாராம். மேசையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

வாத்தியாரை உள்ளே இழுத்துக் கொம்பியூட்டரைத் திறந்து காட்டினேன். நான் எழுதிய வரிகள், அழித்து எழுதிய வரிகள், ஓடாமல் போன பழைய ஆடு, எல்லாம் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. “எனக்குத் தெரியுமக்கா, நீங்கள்தான் செய்தனீங்கள்” என்றார். தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தெரிந்துகொண்டே வந்து நிற்கிறார். மாமிக்கு நான் ஏற்கெனவே சொல்லியாயிற்று. நல்ல சேலை ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறா.

“தம்பி, உங்கடை பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரிலை ஓடுறது முழுக்கக் களவா ஏத்தின சாமான். நானே வந்து திருத்தேக்கை பாத்தனான். அதை வைச்சுத்தானே முன்மாதிரி காட்டுறீங்கள்?” என்று கேட்டேன்.

வாத்தியார் வெளியே போனார். மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணினார். அந்தச் சத்தத்துக்கு மேலால் சொன்னார்: “அது ஒருத்தருக்கும் தெரியாதக்கா. உங்கடை கேம் களவெண்டு ஊருக்கே தெரியும்.”

ஆகவே, என்னைப் போல இத்தொழிலில் கிடந்து மாரடிக்கிறவர்களே, யாழ்ப்பாணத்தில் ஒரு கேமையும் களவெடுக்காமல் தாராளமாகக் கடை நடத்தலாம். நீங்கள் களவெடுக்கவில்லை என்று களவெடுத்தவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.