முட்டியே பழகிய வெண்டல்

எங்கள் நெப்ராஸ்கா கல்லூரியில், பந்தைக் கையால் ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியில் நான் பந்தை எறிபவன், வெண்டல் அதைப் பிடிப்பவன். பெயருக்குத்தான். பயிற்சியாளர் துவோராக் என்ற பிடிவாதக்காரருக்குப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டம். ஓடுபவனுக்கு வழிவிட எதிராளியை முட்டித் தள்ளியே வெண்டலுக்கு நான்கு வருடம் போனது.

"இவனை ஒரே ஒரு தடவை எறியச் சொல்லுங்க, கோச்," என்பான் வெண்டல்.

"உன் கை எனக்கெதுக்குடா? தோளைக் கொடு!"

கடைசி ஆட்டத்தில், ஓட்டத்தைத் தடுக்க எதிரணி முழுக்க முன்னால் குவிந்துவிட, என்னை எறியச் சொன்னார். எறிந்தேன். வெண்டல் பழக்கதோஷத்தில் எதிராளியை முட்டிக்கொண்டிருந்தான். பந்து வெறும் புல்லில் விழுந்தது. துவோராக் மறுபடி ஓட்டத்துக்கே திரும்பிவிட்டார்.

இப்போது வெண்டல் டிராக்டர் பழுதுபார்க்கிறான். சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் போனால், யார் பந்தை எறிந்தாலும் என் பக்கத்தில் எழுந்து கைகளை விரிப்பான்.

"உக்காருய்யா, மறைக்குது!" என்பார்கள் பின்னால்.

உட்காருவான். "நீயாவது கோச் பேச்சை மீறி இன்னொண்ணு எறிஞ்சிருக்கலாமேடா," என்பான் என்னிடம்.