மூடியில் ஒரு நசுங்கல்

அப்பா இறந்தபின் என்னிடம் வந்த அவருடைய சவரப் பெட்டியைப் போன வாரம்தான் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளை மினுங்கியது. உள்ளே இருந்த ரேசரின் திருகும் எண்ணெய் விட்டதும் சுழன்றது. மூடியின் மூலையிலிருந்த நசுங்கல் மட்டும் போகவில்லை. அது என் வேலை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ராஜபாளையத்து வீட்டு முற்றத்தில், அந்தப் பெட்டியால் வாதாங்கொட்டையைத் தட்டி உடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படுமுன் சவரம் செய்ய உட்கார்ந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

“ஏலே, இது எவன் பாத்த வேலை?”

நான் அண்ணனைக் காட்டினேன். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. அன்றைக்கு அவனுக்கு முதல் சவரம் செய்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தான்.

“கை தவறிருச்சுப்பா.”

முகத்தில் சோப்பு நுரையோடு அப்பா எழுந்து பெல்ட்டை எடுத்தார். அதன்பின் அண்ணனை அந்த ரேசரைத் தொடவே அவர் விடவில்லை.

தேய்த்து முடித்த மறுநாள் பெட்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரிவதில்லை. அந்த ரேசரால் அவனுக்குச் சவரம் செய்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். நுரை தடவும்போது அவன் விரல் மூடியின் நசுங்கலில் போய் நின்றது. என் முகத்தைப் பார்த்து அப்பா என்று நினைத்துவிட்டான்.

“நாந்தாம்ப்பா நசுக்குனேன். தம்பிய அடிச்சிராதீய.”