பதினோரு மாதப் புண்

அந்த ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறைக்கு இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் சமையல்கூடத்தின் கழிவுத்தொட்டி நாறும். மூடினால் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் புண்கள் நாறும். இரண்டில் எது தேவலை என்று இருபத்திரண்டு வருடமாகியும் அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அங்கே கட்டுப்போடுகிறவள் அவள்தான். வருகைப் பதிவேட்டில் அவளுக்கும் ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் வாட்ச்மேன் முதல் மருந்து கொடுக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'உவ்வேக்கா'தான். நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. முதல் நாளே எச்சில் கிண்ணத்தைக் கழுவக் கொடுத்தார்கள். கழுவப் போனவள் அதிலேயே வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் ஒரு படுக்கைப்புண்ணைக் காட்டியதும் நோயாளியின் போர்வையில் எடுத்தாள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த பயிற்சி ஆசிரியை, "உனக்கு இது ஒத்து வராதும்மா. தையல் கத்துக்கோ" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் போட்டாள். மறுபடி அனுப்பினார்கள். மூன்றாவது முறையும் வந்து நின்றபோது ஆசிரியைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, ஊர்ல உனக்கு வேற வேலையே கிடைக்கலியா?"

"கிடைச்சுது டீச்சர். ஆனா வாந்திக்குப் பயந்து ஓடி வந்தவன்னு எங்க அக்காங்க ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அதுக்கு நான் வாந்தியே எடுத்துட்டுப் போறேன்."

அந்த முறை சேர்த்துக்கொண்டார்கள். "போகப் போகப் பழகிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மண்ணும் பழகவில்லை. இரண்டாம் வருடமும் குடலைப் புரட்டியது, பத்தாம் வருடமும் புரட்டியது. அவள் கற்றுக்கொண்டதெல்லாம் ஒன்றுதான். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே ஓடுவது, கழுவுதொட்டியில் எடுப்பது, வாயைக் கொப்பளிப்பது, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வது. எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம். நோயாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்: "நடுவுல எழுந்து போவேன். தப்பா நினைக்காதீங்க, திரும்பி வந்துடுவேன்."

அந்த அறைக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செக்கர் வந்தார். பஸ்களில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனைக் காலரைப் பிடித்து, நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் இறக்கிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். சர்க்கரை வியாதி. இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, கோழிமுட்டை உட்காரும் அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் ஊறிப்போன வெள்ளைத் தோல், நடுவில் பச்சையாகச் சீழ். அதன்மேல் அவராகவே கைவைத்தியமாகப் பற்பசை பூசியிருந்தார். அழுகல் நாற்றமும் புதினா வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்ததில், அன்றைக்கு அவள் இரண்டு முறை ஓட வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது செக்கர் காலில் உரிந்த தோலைக் கிள்ளித் தரையில் சுண்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதுக்கே இப்படின்னா நீயெல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வந்தே?"

"தரையில போடாதீங்க ஐயா. பக்கெட் இருக்கு."

"கூட்டுறதுக்கு ஆள் வெச்சிருக்காங்கல்ல?" என்று சொல்லி இன்னொன்றைச் சுண்டினார்.

அவருடைய மகன் அறைக்குள் வரவில்லை. வாசலில் பைக்கை நிறுத்தி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரை ஆஸ்பத்திரியில் 'வெட்டு டாக்டர்' என்பார்கள். ஆள் நல்லவர்தான், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாது. காலைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார். "முழங்காலுக்குக் கீழே எடுத்துடலாம்" என்றார்.

"எலும்பு கெடலையே சார்?" என்றாள் அவள்.

"கெடும். இந்த ஆளு சொன்ன பேச்சு கேக்குற ஆளாத் தெரியல."

"ரத்த ஓட்டமும் இருக்கே. கொஞ்ச நாள் குடுங்க சார்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு இந்தக் கால்மேல என்ன அவ்வளவு ஆசை?"

ஆசையா? அந்தக் காலையும் பிடிக்கவில்லை, காலுக்குச் சொந்தக்காரரையும் பிடிக்கவில்லை. ஆனால் ஆறக்கூடிய புண்ணை ஆறவிடாமல் வெட்டி எறிவது அவளுக்கு அந்தச் சீழைவிட அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், "ஆறும் சார்" என்று மட்டும் சொன்னாள். டாக்டர் ஆறு வாரம் கொடுத்தார்.

வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். செத்த சதையைக் கிடுக்கியால் பிடித்துக் கத்தரிப்பாள். உப்புநீரால் கழுவுவாள். பிறகு ஒரு கண்ணாடித் தாளைப் புண்ணின்மேல் விரித்து, அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, தேதி போட்டுச் சுவரில் ஒட்டுவாள். ஆறு வாரத்தில் குழி பாதியாகச் சுருங்கியது. டாக்டர் தாள்களைப் பார்த்துவிட்டு, "சரி, பாத்துக்கோ" என்று போய்விட்டார்.

அதோடு நின்றுபோனது. மூன்றாம் மாதம், நான்காம் மாதம், ஐந்தாம் மாதம். புண் இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மருந்தை மாற்றினாள், கட்டும் முறையை மாற்றினாள். சர்க்கரை அளவு கட்டுக்குள்தான் இருந்தது. செக்கரோ ஒவ்வொரு முறையும் அவளைக் கரித்துக்கொட்டினார். கை கடினமாக இருக்கிறது என்றார், அறை நாறுகிறது என்றார். நாறுவது அவர்தான் என்று சொல்ல அவளுக்கு நாக்கின் நுனிவரை வரும். பல்லைக் கடித்துக்கொள்வாள்.

"அந்த ஆள் கால வெட்ட விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் வீட்டில் கணவர். லாரி பட்டறையில் மெக்கானிக். "தினம் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து மூஞ்சியச் சுளிக்கிற. நான் சமைச்சதுக்குத்தான்னு எனக்கு மனசு கஷ்டமாயிடுது."

"உங்க சமையலுக்கும் சேத்துத்தான்" என்றாள்.

ஆறாம் மாதம் ஒரு மதியம், ஆள் இல்லாத நேரத்தில், சுவரில் ஒட்டியிருந்த தாள்களைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பதுக்குமேல் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைத் தாளிலும் புண் கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமைத் தாளிலும் பழையபடி விரிந்திருந்தது. ஒன்றிரண்டு வாரம் அல்ல, முதல் ஆறு வாரம் தவிர எல்லா வாரமும். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இந்த மனிதர் எதையோ செய்கிறார்.

அடுத்த செவ்வாய் கட்டைப் பிரித்தபோது, வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல், வேண்டுமென்றே மூக்கால் இழுத்துப் பார்த்தாள். சீழ், ஊறிய தோல், வியர்வை. அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. கணவரின் வேலைச்சட்டையை ஊறவைக்கும்போது வாளியிலிருந்து எழும்புவது. என்ஜின் ஆயில்.

"எங்க போறீங்க ஐயா, சனி ஞாயிறுல?"

"நான் எங்க போறது? கட்டில்ல கிடக்கேன்" என்றார் செக்கர், கண்ணைச் சிமிட்டாமல்.

அவள் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, கட்டுப் போட்டு அனுப்பினாள்.

முப்பது வருடம் பஸ்ஸிலேயே கிடந்தவருக்கு என்ஜின் ஆயில் வேறு எங்கே ஒட்டும் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் டிப்போவுக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் எண்ணெய் படிந்த தரை. ஒரு பக்கம் கழற்றிப்போட்ட டயர்கள். டிரைவர்கள் கையெழுத்துப் போடும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையும் சீவிய தலையுமாகச் செக்கர் உட்கார்ந்திருந்தார். போகிறவன் வருகிறவன் எல்லாம், "சார், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவர் காலில் கறுப்பு ஷூ. இரண்டு காலிலும். கட்டுப்போட்ட காலை அப்படியே அமுக்கி அதற்குள் திணித்திருந்தார். வீட்டிலிருந்து டிப்போ ஒன்றரைக் கிலோமீட்டர்.

அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க எதுக்கும்மா வந்தே?"

"ஷூவக் கழட்டுங்க."

"மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க."

"கழட்டுங்கன்னேன்."

அவர் அசையவில்லை. அவள் குனிந்து கயிற்றை அவிழ்த்து ஷூவை உருவினாள். ஷூவுக்குள்ளிருந்து சீழ் சொட்டியது. நனைந்த கட்டு பாதியில் கழன்று தொங்க, அதற்குள் வெள்ளையாக நாலைந்து புழுக்கள் நெளிந்தன. சுற்றி நின்ற டிரைவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒருவன், "ஐயய்யோ" என்று வாயைப் பொத்தினான். இன்னொருவன் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் வைத்திருந்த தன் சாப்பாட்டுப் பையை அவசரமாக எடுத்துக்கொண்டான்.

டயர்களுக்குப் பக்கத்தில் போய், அத்தனை பேர் பார்க்க, கையைச் சுவரில் ஊன்றி அவள் வாந்தி எடுத்தாள். பிறகு குழாயில் வாயைக் கழுவிக்கொண்டு வந்து, பையிலிருந்து கையுறை எடுத்து மாட்டி, தரையில் மண்டியிட்டாள். புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். காலை இறுக்காமல் சுற்றினாள்.

"வேடிக்கை பாக்குறவங்க யாராவது ஒரு ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். யாரோ ஓடினார்கள்.

செக்கர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆட்டோவில் ஏறிய பிறகும் திட்டினார். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல எனக்குச் சோறு பின்பக்கத்து ரூம்லதான் வருது. தட்டை வாசப்படியில வெச்சுத் தள்ளி விடுறாங்க. இங்க வந்தாத்தான் எவனாவது சார்னு கூப்பிடுறான்."

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் வரவில்லை. அவர் சட்டையில் தெளித்திருந்த சென்ட்டும் காலின் நாற்றமும் சேர்ந்து மறுபடி குமட்டியது.

"அரை வருஷமா நான் மாங்கு மாங்குன்னு கட்டுனதை வாரா வாரம் நடந்தே அழிச்சிருக்கீங்க. காலே போனப்புறம் சார்னு கூப்பிடுவாங்களான்னு யோசிச்சுப் பாருங்க."

ஆஸ்பத்திரியில் அந்த ஷூவைத் தொற்றுக்கழிவு போடும் மஞ்சள் தொட்டியில் அவர் கண்முன்னாலேயே போட்டாள். அன்று மாலை மகனை வரச்சொல்லி ஆளனுப்பினாள். வந்தவன் வழக்கம்போலக் கைக்குட்டையோடு வாசலில் நின்றான்.

"நாத்தம் தாங்கல சிஸ்டர். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு."

"எனக்கு மட்டும் மணக்குதா? இன்னிக்கு மட்டும் ரெண்டு தடவை வாந்தி எடுத்திருக்கேன். எடுத்துட்டு உள்ள வாங்க. ஒண்ணும் ஆகாது."

அவன் உள்ளே வந்தான். எடுக்கவும் செய்தான். அவளுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். காலைக் கீழே ஊன்றாமல் நடக்க ஊன்றுகோல், காலை உயர்த்தி வைக்கத் தலையணை, கட்டு நனைந்தால் மாற்றும் விதம் எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த செவ்வாய்த் தாளில் புண் விரியவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் விரியவில்லை. வாரத்துக்கு ஒரு நூல் அளவு சுருங்கியது, சில வாரம் அதுவும் இல்லை. பதினோராம் மாதக் கடைசியில் வரைவதற்கு ஓரமே இல்லை. இளஞ்சிவப்பில் ஒரு மெல்லிய தோல் மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரித் தலைவர் அதைச் சும்மா விடுவாரா? கூட்டம் போட்டார். பழைய காலும் புதுக் காலும் பெரிய படங்களாக மேடையில் தொங்கின. பொறுமை, விடாமுயற்சி என்று அரை மணி நேரம் பேசினார். அவர் ஒரு நாளும் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பிறகு செக்கர் மைக்கைப் பிடித்தார். தலைவரைக் காட்டி, பெரிய டாக்டரின் கைராசி என்றார். தன்னுடைய மனவுறுதி என்றார். "டாக்டர் சொன்னதை நான் ஒரு நாள்கூட மீறினது கிடையாது" என்று அடித்துச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் புழுவைப் பார்த்தபோதுகூட அப்படிக் குமட்டியதில்லை. கூட்டம் முடியும்வரை இருக்கப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

வராந்தாவில் வெட்டு டாக்டர் நின்றிருந்தார். அவருக்கும் உள்ளே இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது. கையில் மூன்று கேஸ் தாள்கள்.

"மூணு காலு. மூணையும் எடுக்கணும்னு எழுதியிருக்கேன். நீ பாத்துட்டுச் சொல்லு. அதுவரைக்கும் கத்தியத் தொடல."

இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் யாரும் எதையும் சொல்லும்படி கேட்டதில்லை. தாள்களை வாங்கிக்கொண்டாள். "ஜன்னல் பக்கத்துத் தொட்டிய வேற இடத்துக்கு மாத்தச் சொல்லுங்க சார். மூணு பேர் சேந்து வந்தா அந்த ரூம்ல மூச்சு விட முடியாது" என்றாள்.

மூன்றில் ஒன்றை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. எலும்புவரை கரைந்துபோயிருந்தது. அந்த மனிதரின் மனைவியிடம் அதை அவளேதான் சொன்னாள். இரண்டாவது கால் ஐந்து மாதத்தில் ஆறியது. மூன்றாவது ஒரு துணிக்கடைக்காரம்மாவுடையது. எட்டு மாதமாக இன்னும் ஆறிக்கொண்டுதான் இருக்கிறது.

"இன்னும் எத்தனை நாள் ஆகும்மா?" என்று அந்த அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"தெரியாதுங்க. வெள்ளிக்கிழமை வாங்க."