காதில் ஒரு புள்ளி

மேசைமேல் விரித்த வெள்ளைத் துண்டில் வெந்த கோதுமையைக் கொட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலால் பரத்திக்கொண்டிருந்தாள் அர்கிரோ. மறுநாள் ஆத்மாக்களின் சனிக்கிழமை, செத்தவர்களுக்காகத் தேவாலயத்தில் படைக்கிற நாள். கோதுமையில் மாதுளை முத்தும் திராட்சையும் பாதாமும் கலந்து, மேலே சர்க்கரையை அமுக்கி, செத்துப்போன அண்ணன் சிதெரிஸின் முதலெழுத்தை வெள்ளி மிட்டாயால் பதித்து, தேவாலயத்துக்கு எடுத்துப் போகவேண்டும். வருஷா வருஷம் செய்வதுதான். கை அதுபாட்டுக்குச் செய்தது.

"ஈரம் போகலைன்னா சர்க்கரை கசிஞ்சிடும். நல்லாப் பரத்துடி," என்றாள் நாற்காலியில் இருந்த அம்மா மருக்கோ.

"பரத்திக்கிட்டுத்தானே இருக்கேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. பாதிரியார் தட்டைப் பார்த்த பார்வை இருக்கே!"

"தின்பண்டம்னா அவர் அப்படித்தாம்மா பார்ப்பார்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, சுவரிலிருந்த படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். மாலுமிச் சட்டை போட்ட பையன், மடியில் ஓர் ஆரஞ்சுப் பழம். வரைந்தவர் கோடையில் இந்தக் கியோஸ் தீவுக்கு வந்து தங்கிக்கொண்டிருந்த மெர்த்திகாஸ். செத்தபிறகு ஏதென்ஸ் வரைக்கும் பெயர் வாங்கிவிட்டார். அவருடைய படங்களையெல்லாம் திரட்டி நகரசபைக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். இன்று இதை எடுத்துப்போக ஆள் வருகிறது.

படத்திலிருப்பது சிதெரிஸ் என்றுதான் ஊர் சொல்லும். வரைய உட்கார்ந்தது அர்கிரோ.

அண்ணன் காய்ச்சலில் போனபோது அப்பா கடலில் இருந்தார். கப்பல் கரை சேர்ந்து வீட்டுக்கு வந்தவர், மகனுடைய முகம் எங்கே என்று கேட்டார். காட்ட ஒரு போட்டோகூடக் கிடையாது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஜாடை. அம்மா ஏழு வயது மகளின் முடியை ஒட்ட வெட்டினாள், அண்ணன் சட்டையை மாட்டினாள், காதிலிருந்த பொன் கம்மலைக் கழற்றினாள். "ஆடாம அசையாம உட்காரணும்," என்றாள். அர்கிரோ உட்கார்ந்தாள். படம் முடிந்ததும், "அப்படியே அவன்தான்!" என்று அத்தைமார் அழுதார்கள். பிறகு கொஞ்ச நாள் அம்மா வாய்தவறி அவளையே "சிதெரிஸ்" என்று கூப்பிட்டாள். அதற்கும் 'என்னம்மா' என்றுதான் வந்து நின்றாள். கம்மல் திரும்ப வரவில்லை. காதுத் துளை தானாகத் தூர்ந்துபோனது.

ஆடாமல் அசையாமல் உட்காருவது பிற்பாடு உதவியது. கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓய்வுபெறும்வரை உட்கார்ந்தாள். கப்பல் இயந்திரம் பார்ப்பவனைக் கட்டினாள். அவன் பாதி வருஷம் கடலில். அவன் செத்தபோது அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, துணிமணியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நகரசபைக் கூடத்திலிருந்து வந்தவன் மானோஸ் என்ற வாலிபன். அம்மா கொடுத்த மஸ்திகாப் பிசின் இனிப்பைக் கரண்டியோடு வழித்துச் சாப்பிட்டான். கையுறை மாட்டிக்கொண்டு படத்தை இறக்கி ஜன்னலோரம் சாய்த்தான். சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தான்.

"நல்லா வச்சிருக்கீங்க மருக்கோம்மா. காதுமடல்ல மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. ஈ எச்சம்போல. சுத்தம் பண்றவங்க ஒரு நிமிஷத்துல எடுத்துடுவாங்க. எடுத்துடலாமா?"

"எடுத்துடு தம்பி," என்றாள் அம்மா.

அர்கிரோவின் விரல்கள் கோதுமைமேல் நின்றன. அந்தப் புள்ளி அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, எத்தனையோ தரம் பார்த்தது. மெர்த்திகாஸ் கண்ணில் பட்டதை வரையாமல் விடுகிற மனிதரில்லை. அந்தப் படத்தில் அவள் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"அது எச்சம் இல்ல. கம்மல் போட்ட துளை," என்றாள்.

மானோஸ் சிரித்தான். "பையனுக்கா? அந்தக் காலத்திலேயேவா? நம்ம ஊர்ப் பசங்க இப்பத்தானே குத்திக்கிறாங்க!"

யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவன் டார்ச்சை அணைத்தான்.

"படம் உங்க பேர்ல இருக்கு மருக்கோம்மா. நீங்க சொல்றதுதான். எடுக்கவா, வேண்டாமா?"

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள், நரைமுடி ஒதுக்கிய அந்த வெறுங்காதை. சர்க்கரைக் கிண்ணத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். அதுல யாரும் கை வைக்க வேண்டாம்."

"சரிம்மா. கீழே பேர் போடணும். யார்னு போட?"

"என் மகன். சிதெரிஸ்."

மானோஸ் அர்கிரோவைப் பார்த்தான். அவள் மறுபடி கோதுமையைப் பரத்தத் தொடங்கியிருந்தாள். அவன் படத்தைப் போர்வையில் சுற்றி, கதவு நிலையில் இடிக்காமல் பக்கவாட்டில் திருப்பி, படியிறங்கிப் போனான். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது.

"மாதுளையை உதிர்த்தியா?" என்றாள் அம்மா.

"உதிர்த்துட்டேன்." கோதுமையின் ஓரத்தைக் கையால் சேர்த்துவிட்டு அர்கிரோ கேட்டாள். இத்தனை வருஷத்தில் கேட்காதது. குரல் டிக்கெட் ஜன்னலில் பேசுகிற குரலாகவே இருந்தது. "அம்மா, என் கம்மல் எங்க?"

அம்மா மேசையைப் பிடித்து எழுந்தாள். "ஈரம் இன்னும் போகலை, சர்க்கரையை அப்புறம் போட்டுக்கலாம்," என்றாள். சர்க்கரைக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, சமையலறைக்குள் போனாள்.