வெறும் நெற்றி

சென்னையிலிருந்து குறும்படம் எடுக்க வந்த பெண்ணுக்குக் கிறிஸ்தவத் தாய் ஒருத்தி தேவைப்பட்டாள். பங்குச் சாமியார் என்னைக் கைகாட்டிவிட்டார். அமராவதிபுதூரில் ஓய்வுபெற்ற டீச்சர், வீட்டில் தனி ஆள், கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று நினைத்திருப்பார். நினைத்தது சரிதான்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்ளாத கணவன் மனைவி பற்றிய கதை. எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. என் கணவர் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு சிவகங்கையில் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று வருடமாகிறது. அப்பாவைத் துரத்தியது நான்தான் என்று, சிங்கப்பூரிலிருக்கும் ஒரே மகனும் பேச்சை நிறுத்திக்கொண்டான். நான் நடிக்கச் சம்மதித்ததே அவனுக்காகத்தான். படம் எப்படியும் அவன் போனுக்குப் போய்ச் சேரும், பார்த்தாவது ஒரு வார்த்தை பேசமாட்டானா என்ற நப்பாசை.

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டைத் திறந்து படப்பிடிப்பு. எங்கள் சனத்தில் யார் இத்தனை தூண் வைத்த வீட்டில் குடியிருந்தார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். மேக்கப் முடிந்ததும் அந்தப் பெண் என் நெற்றியைப் பார்த்தாள்.

“அம்மா, பொட்டை எடுத்துடுங்க. பூவும் வேணாம். கிறிஸ்டியன்ஸ் வைக்க மாட்டாங்கல்ல?”

“நாங்க வைப்போம்த்தா. தாலியில சிலுவை, நெத்தியில பொட்டு. எங்கம்மாவும் இப்படித்தேன் கோயிலுக்குப் போனாக.”

“பொட்டு இருந்தா இந்துக் குடும்பம்னு நெனச்சிடுவாங்கம்மா. செட்டிநாட்டுப் படம்னாலே உங்க ஆளுங்க வர்றதில்ல. உங்களைக் காட்டத்தானே வந்திருக்கோம்?”

என்னைக் காட்ட வந்தவளுக்கு என்னைவிட என்னைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போது பொட்டை எடுப்பது எங்களிலும் வழக்கமில்லை. அவர் திரும்பிப் பார்க்காத இந்த மூன்று வருடத்தில்கூட ஒருநாளும் நான் வெறும் நெற்றியோடு இருந்ததில்லை. எழுந்து வந்திருக்க வேண்டும். வந்துவிட்டால் மகன் கண்ணில் படுவதற்கு எனக்கு வேறு வழி இல்லை. ஸ்டிக்கர் பொட்டை உரித்து வளையலில் ஒட்டிக்கொண்டு, கேமரா முன்னால் போய் உட்கார்ந்தேன்.

படம் வருவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. வெளிறிய சேலையில் நான் மட்டும். படத்தின் பெயர்கூட அதில் இல்லை. மறுநாள் காலை, பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மகன் அழைத்தான்.

“அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு? போனையும் எடுக்கல. போட்டோவுல பொட்டு இல்லாம இருக்கீக. ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

அழுதுகொண்டிருந்தான். மூன்று வருடம் கழித்து அம்மா என்கிறான். அது சினிமாப்பா என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

“அம்மா, பேசுங்கம்மா.”

“அப்பா நல்லா இருக்காகப்பா. அது ஒரு படத்துக்காக எடுத்தது.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. “சரி” என்றான். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான். அதன் பிறகு அழைக்கவில்லை.

பெற்ற பிள்ளையை அப்படித் தவிக்கவிட்டதை நான் இன்னும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. சொன்னால், இனிமேல் செய்யமாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.