தம்பி பேரில் கொடுத்த ரத்தம்

மலைமேல் ஜமுனாமரத்தூருக்குக் கிழக்கே பாறையும் முள்ளுமாய்க் கிடந்த சரிவைப் படிப்படியாக வெட்டிச் சாமை விதைத்தவன் நான். எங்கள் ஊரில் முதல் ஓட்டு வீடு என்னுடையது. பாறைக்கு வேட்டு வைத்துக் கிணறு எடுத்தபோது தண்ணீர் வராது என்று சிரித்தவர்கள், பிறகு அதே கிணற்றில்தான் குடம் இறக்கினார்கள். வனத்துறை வேலைக்கு எங்கள் ஊரிலிருந்து ஆள் கூட்டிப்போன முதல் மேஸ்திரியும் நானே. அமிர்திக் காட்டில் இன்றைக்கு நிழல் கொடுத்து நிற்கிற மரங்களில் எத்தனையோ என் ஆட்கள் குழி எடுத்து நட்டவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் புளி மண்டி வைத்தேன், லாரி வாங்கினேன், இரண்டு பெண்களைப் படிக்கவைத்து வாத்தியாராக்கினேன். இதை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது. ஆனால் நான் செய்த காரியம் ஒன்று யார் வாயிலும் வந்ததில்லை. பேரப்பிள்ளைகள் பேப்பரில் 'ஸ்டெம் செல்' என்று எதையாவது படித்துக் காட்டும்போதெல்லாம் அது எனக்கு நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூடவே, மலைக்குக் கீழே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த நோய் பார்த்த ஒரு டாக்டரம்மாவின் முகமும் வருகிறது.

நாங்கள் நான்கு பேர். நான் மூத்தவன், எனக்கடுத்துப் பெரிய தங்கச்சி, பிறகு தம்பி, கடைசியாகச் சின்னத் தங்கச்சி. எண்பதுகளின் கடைசியில், சின்னத் தங்கச்சி ஒரு பெண்குழந்தைக்குத் தாயாகி இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம், அவள் உடம்பு அடிபடாமலேயே அங்கங்கே நீல நீலமாகக் கன்றியது. களை எடுக்கக் குனிந்தால் மூக்கில் ரத்தம். பல் விளக்கினால் வாயெல்லாம் ரத்தம். மந்திரித்தோம், பச்சிலை கொடுத்தோம். ஒருநாள் வயலிலேயே விழுந்தாள். என் லாரியில் பாய் விரித்துப் படுக்கவைத்து, அத்தனை வளைவும் இறங்கிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா எங்கள் மலையடிவாரத்துச் சந்தவாசல் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒல்லியான உடம்பு, காதில் சின்னத் தோடு, எந்நேரமும் கையில் ஒரு பென்சில். எவ்வளவோ படித்தவர், ஆனால் எங்களோடு பேசும்போது எங்கள் பேச்சுதான். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மேஸ்திரி, எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடம் ஒண்ணு கீது. அங்க வெதை மாதிரி செல்லு இருக்கும். செவப்பு, வெள்ளை, எல்லா ரத்தமும் அதுலேர்ந்துதான் மொளைக்கும். உங்க தங்கச்சிக்கு நெலம் கீது, வெதை செத்துப்போச்சு."

"வேற வெதை கொண்டாந்து போட முடியாதாம்மா?"

"போடலாம். இந்த ஊருப்பக்கம் இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம். கூடப்பொறந்தவங்க எலும்புலேர்ந்து எடுக்கணும், அதுவும் பொருந்தணும். எல்லாருக்கும் பொருந்தாது. பொருந்தினாலும் பொழைச்சிடுவாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா சீக்கிரம் பண்ணணும். அதுவரைக்கும் ஊராரு ரத்தம்தான் ஏத்துவோம். அது ஏற ஏற, அந்நிய ரத்தத்தைத் தள்ளிவுட இவங்க ஒடம்பு கத்துக்கும். அப்புறம் நல்ல வெதை போட்டாலும் தள்ளிடும்."

அடுத்த திங்கட்கிழமை கூடப்பிறந்த மூன்று பேரும் வரவேண்டும் என்றார். வருகிறோம் என்று தலையாட்டிவிட்டேன். தம்பியோ குடகில், காப்பித் தோட்டத்தில் இருந்தான். எந்தத் தோட்டம் என்று தெரியாது, ஆள் அனுப்பித் தேடவேண்டும்.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காட்டு வேலையில் மஸ்டர் ரோல் என்று ஆள் கணக்கு எழுதும் ஒரு நோட்டு உண்டு. காட்டுக் காவலுக்கு இருக்கும் கார்டு காலையில் பேர் வாசிப்பார். பத்துப் பேர் என்றால் பத்துப் பேர் நிற்கவேண்டும். ஒரு தலை குறைந்தாலும் மொத்தக் கூட்டத்தையும் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஊர் ஆளை வைத்துக்கொள்வார்கள். அதனால் காய்ச்சலில் கிடப்பவன் பேருக்கு அவன் அண்ணன் நிற்பான், அவனும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரன் கை தூக்குவான். அதைத் தப்பு என்று நாங்கள் நினைத்ததில்லை. குழி எடுக்கிற கை யாருடையதாக இருந்தால் என்ன? நான் இருபது வருஷம் அப்படித்தான் ஆள் காட்டியிருந்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று பேர் என்றதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: தலை குறைந்தால் தங்கச்சியின் பேரை அடித்துவிடுவார்கள். என் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கும் என் தம்பி வயசுதான், அதே நிறம்.

பஸ்ஸில் அவன் ஒரே சிரிப்பு. "இன்னா மாமா, இன்னிக்கு என்னைத் தம்பி ஆக்கிட்ட. சொத்துலயும் பங்கு குடுப்பியா?"

"வாய மூட்றா. பேரு கேட்டா தம்பி பேரச் சொல்லு. ஊசி போட்டா கத்தாத."

"ஊசியா? அத நீ சொல்லவே இல்லியே மாமா!"

டாக்டரம்மாவே எங்களுக்கு ரத்தம் எடுத்தார். மச்சான் என் தம்பியின் பேரைச் சொன்னான், அவர் சின்ன பாட்டிலில் ஒட்டி எழுதினார். சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். காகிதத்தில் மூன்று பேர். என் பேருக்கு நேரே பொருந்தாது. பெரிய தங்கச்சிக்கும் பொருந்தாது. தம்பி பேருக்கு நேரேயும் பொருந்தாது.

அந்தக் காகிதத்தைப் பார்த்த நிமிஷத்தில் என் புத்தி வேலை செய்த விதத்தை இன்றைக்கு நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. தம்பி பேருக்கு நேரே பொருந்தாது என்று எழுதியிருக்கிறது, அப்படியானால் தம்பியும் பொருந்தமாட்டான். இவ்வளவுதான் நினைத்தேன். நோட்டில் இருக்கிற பேர்தான் ஆள் என்று அத்தனை வருஷம் பழகிய மூளை. அவனைத் தேடி ஆள் அனுப்பவேண்டும் என்ற எண்ணம் அதோடு செத்தது.

டாக்டரம்மா பென்சிலைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார். "மேஸ்திரி, உங்க தம்பி... உங்க வூட்லயே பொறந்தவர்தானா?"

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம். கதவு சாத்தியிருந்தது, நாங்கள் இரண்டு பேர்தான். "ஆமாம்மா, என் கண்ணெதிர்ல பொறந்தவன்" என்றேன்.  அவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "செரி, மருந்து குடுத்துப் பாக்கலாம்" என்றார்.

இரண்டு மாதம் மருந்து. இரண்டு மாதம் யார் யாரோ கொடுத்த ரத்தம் பாட்டில் பாட்டிலாக ஏறியது. ஏறிய ரத்தம் ஒரு வாரம் நிற்கும், பிறகு உதடு மறுபடி சுண்ணாம்பாக வெளுக்கும். நான் மண்டியை விட்டுவிட்டு வார்டு வாசலிலேயே கிடந்தேன். இந்த மலையில் என் அளவுக்குக் கூடப்பிறந்தவளுக்குச் செய்தவன் யாரும் இல்லை என்று நர்சுகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆடி மாதம் திருவிழாவுக்கு ஊர் வந்த தம்பி, விஷயம் கேள்விப்பட்டு அப்படியே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். கையில் ஒரு பை ஆரஞ்சுப்பழம். டாக்டரம்மா வார்டைச் சுற்றிவந்தவர், நீங்க யாருங்க என்று கேட்டார். "அண்ணன்மா. இவளுக்கு ரெண்டாவது அண்ணன்" என்றான். பேரையும் சொன்னான்.

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு வந்தவரு யாரு?"

தங்கச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையை உடைத்தவன், ரேஞ்சரிடம் மல்லுக்கு நின்றவன், அந்த ஒரு கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சானைத் தம்பி என்று கூட்டிவந்ததைச் சொன்னேன். திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னை வெளியே கூப்பிட்டார். வராந்தாவில் என்னிடம் சொன்னது இது: "அந்த ரத்தம் உங்க யாரு கூடவும் ஒட்டவே இல்ல மேஸ்திரி. எடுத்து வளத்த புள்ளையா இருக்கும், அது அவருக்கே தெரியாம இருக்கும்னு நெனைச்சேன். அத ஒடைக்க எனக்கு உரிமை இல்லன்னு வுட்டுட்டேன். நான் இன்னொரு தரம் கேட்டிருக்கணும். இதுல எனக்கும் பாதி கீது."

தம்பியின் ரத்தம் எடுத்தார்கள். பொருந்தியது. அச்சு அசலாக அப்படியே பொருந்தியது என்றார்கள்.

நான் உடனே, "எடுத்துக்கோங்கம்மா, அவன் குடுப்பான்" என்றேன். டாக்டரம்மா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அவனைத் தனியாக உட்காரவைத்தார். எனக்குக் கோபம் வந்தது. குடும்பத்துக்கு மூத்தவன் பேசிய பிறகு அவனிடம் கேட்க என்ன இருக்கிறது? உள்ளே நடந்ததைத் தம்பி பிறகு சொன்னான். "உனக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லுபா. வேற ஒடம்புக் காரணத்துனால ஒங்கிட்ட எடுக்க முடியலன்னு நானே அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன். ஒரு வார்த்தை வெளிய போவாது" என்றாராம். அவன் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறான், "நான் மறுபடி மரம் ஏறுவேனாம்மா?" என்று. "ஏறுவ. பத்து நாள் இடுப்பு வலிக்கும்." "அப்ப எடுத்துக்கோங்கம்மா" என்றிருக்கிறான். நூற்றுக்கணக்கான ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒருத்தனிடமும், உனக்கு இஷ்டமா என்று நான் கேட்டதாக நினைவில்லை.

இடுப்பெலும்பில் பல இடம் துளைத்து எடுத்தார்கள். கறுஞ்சிவப்பாக ஒரு பை. தங்கச்சியைக் கண்ணாடி அறையில் தனியாக வைத்து, சாதாரண ரத்தம்போலக் கை நரம்பு வழியாகவே சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியம். தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றான்.

"சின்னண்ணா, உன் சத்து எனக்குள்ள வந்துட்டா நானும் உன்ன மாதிரி புளியமரம் ஏறுவேனா?" என்று அவள் கேட்டாள்.

"ஏறு. நான் கீழ நின்னு பொறுக்கறேன்."

தினம் காலையில் ரத்தம் எடுத்து எண்ணிப் பார்ப்பார்கள். மூன்று வாரம் பார்த்தார்கள். முளைக்கவில்லை. அவள் உடம்பு அதைத் தள்ளிவிட்டது. பிறகு காய்ச்சல் வந்தது, அந்தக் காய்ச்சலோடு போய்விட்டாள். குழந்தையைக் கடைசிவரை கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள்.

"லேட்டானதாலதானாம்மா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அது மட்டும்தான்னு யாராலயும் சொல்ல முடியாது மேஸ்திரி" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர். முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதை அவரும் மறந்திருக்கமாட்டார், நானும் மறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது ஊர் தன் பாட்டுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. தம்பியின் எலும்புச் சத்து கெட்டது, அது உள்ளே போய்த்தான் அவளைக் கொன்றது என்றார்கள். அதனாலேயே அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. குடகுக்கே திரும்பிப் போனான். வருஷங்கள் கழித்துத் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் மாலை போடும் நேரத்தில் தம்பியும் புது வேட்டியோடு முன்னால் வந்தான். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர், "அந்தக் கையி வேணாம்பா, மூத்தவரே போடட்டும்" என்றார். தம்பி பந்தலுக்கு வெளியே போய் நின்றான். நான் மாலை போட்டேன். இரண்டு கையாலும் போட்டேன், வாயை மட்டும் திறக்கவில்லை. மேஸ்திரிதான் தங்கச்சிக்காக அவ்வளவு பாடுபட்டார் என்று சபையில் பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா இப்போது இல்லை. இந்தக் காலத்தில் எலும்பைத் துளைக்காமலே கை நரம்பிலிருந்து அந்த விதையை எடுத்துவிடுகிறார்களாம். யார் என்றே தெரியாத ஆள்கூடக் கொடுக்கிறானாம். நல்லது. தம்பி கிழவனாகிவிட்டான், இன்னமும் தன்னால்தான் அவள் செத்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். போனில் நான் எத்தனை தரம் சொன்னாலும், "வுடுண்ணா" என்று வைத்துவிடுகிறான். அவனிடம் மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை, ஊருக்குச் சொல்லவேண்டும் என்று இப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இதைப் படிக்கிறவர்கள், எங்கள் மலையில் இந்தக் கதையை எடுத்துச் சொல்கிறவர்கள், எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். என் தம்பி கொடுத்தது நல்ல விதை. அவனிடம் கேட்டார்கள், அவன் மனசோடு கொடுத்தான். அது போய்ச் சேரவேண்டிய இரண்டு மாதத்தை வீணாக்கியது நான். டாக்டரம்மா பெரிய மனசோடு தன்மேல் போட்டுக்கொண்ட பாதியும் அவருடையது இல்லை. அவர் கேட்டார், நான்தான் மறைத்தேன். அந்த இரண்டு மாதத்தை யார் தலையிலும் பங்கு போடவேண்டாம். என் பேரைச் சொல்லி, முழுசாக என்னுடையது என்று சொல்லுங்கள்.