பஞ்சு வைத்த இடப்பக்கம்

என் கணவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது, நான் அவர் பக்கத்தில் மணையில் உட்காரலாமா என்று என் நாத்தனார் வாத்தியாருக்குப் போன் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டார். காலை பத்து நாற்பது. நான் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நேரம் டைரியில் இருக்கிறது. வெண்டைக்காயும் இருக்கிறது.

"தம்பி ஆத்துக்காரிக்கு ஒரு ஆபரேஷன் ஆச்சு மாமா. இடது பக்கம் முழுசா எடுத்தாச்சு. அங்கத்துல குறை உள்ளவா பத்னியா உக்காரலாமோ?"

"எதை எடுத்தா?"

"அதான்… மார்பு."

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "ஆள் இருக்காளோல்லியோ?"

"இருக்கா, இருக்கா. வெண்டைக்காய் நறுக்கிண்டிருக்கா."

"அப்போ உக்காரலாம்."

"இல்லே, அவ இடத்துல தர்ப்பையிலே ஒரு கூர்ச்சம் முடிஞ்சு வெச்சு…"

"ஆள் இருக்கச்சே புல்லை எதுக்கு வெக்கணும்? ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. பாக்கறவா கண்ணுக்கு எதுவும் தெரியாம இருந்தா நல்லது. நாலு பேர் நாலு விதமாப் பேசுவா."

கடைசி வாக்கியத்தை என் நாத்தனார் பிடித்துக்கொண்டார். அவருக்கு வயது அறுபத்துநாலு. என் கணவருக்கு மூத்தவர். இரண்டு தெரு தள்ளி மகனோடு இருக்கிறார். மேல்வரிசைப் பல் முழுவதும் கட்டின பல். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது, பேசியதும் இல்லை.

கணவர் கூடத்தில் பேப்பரை இறக்கி, "கேட்டியா, உக்காரலாமாம்" என்றார், பஸ்ஸில் எனக்கு ஸீட் கிடைத்துவிட்டதைச் சொல்வது மாதிரி.

"உக்காரலாம்னா, வெளியிலே தெரியாம இருந்தா" என்றார் நாத்தனார். பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் எங்கள் வீட்டில் கேட்கும். "அவ என்னமோ பெருசா போயிட்டாப்போல முகத்தைத் தூக்கி வெச்சுண்டிருக்கா. போனா போறது. குழந்தைக்குப் பால் குடுத்த மார்பா என்ன?"

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. என் கணவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

நான் அந்த மணையில் உட்கார விரும்பினேன். அவர்மேல் உள்ள ஆசையால் என்று சொன்னால் பொய். முப்பத்தோரு வருஷம் அந்த வீட்டில் எல்லாக் காரியத்துக்கும் சாமான் பட்டியல் எழுதியவள் நான். என் இடத்தில் புல்லை வைத்துவிட்டு என்னைச் சமையல்காரரிடம் அனுப்ப ஒரு ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்த பிறகு, விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு இந்த ஐந்து மாதமும் ஆறு கஜத்தில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தலைப்பு இடது தோளில் போகிறது. மடிப்பை நன்றாகக் குத்திவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சடங்குக்கு ஒன்பது கஜம் மடிசார். எங்களவர் மடிசாரில் தலைப்பு வலது தோளுக்குப் போகும். மறைக்க ஒன்றுமில்லாத வலப்பக்கம் மூடியிருக்கும். இடப்பக்கம் வெறும் ரவிக்கையோடு ஊர் பார்க்க நிற்கும்.

கணவரிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு கைக்குட்டையை மடிச்சு வெச்சுக்கோயேன்" என்றார். தன் கைக்குட்டைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் ஆரியசாலையில், என் அம்மா காலத்திலிருந்து உள்ளாடை வாங்கும் கடைக்குப் போனேன். இப்போது கடையில் இருப்பது நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒருவர். நல்ல மனிதர்தான். கம்பி இல்லாமல், உள்பக்கம் தையல் உறுத்தாமல், பட்டை அகலமாக வேண்டும் என்றேன். எடுத்துப் போட்டார். ஒரு பக்கத்தில் உள்ளே பை வைத்தது இருக்குமா என்று கேட்டேன். புரியவில்லை. "எனக்கு ஒரு பக்கம்தான்" என்று சொல்லவேண்டி வந்தது.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். "அக்கா, கம்பெனிக்காரன் ஒத்தையா தைக்கமாட்டான் பாத்துக்கிடுங்க. ஒத்தைக்குன்னு பாதி விலையும் போடமாட்டான்."

பக்கத்தில் நைட்டி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, சொல்லவே கூடாது, என் புடவையைப் பார்த்தார். அவசரமாக மாடியைப் பார்த்து, "எட்டீ, அந்த முப்பத்தாறு பருத்தியை எடுத்து வீசு, ஒரு சூக்கேடுகாரி வந்து நிக்காங்க" என்று கத்தினார். சூக்கேடு என்றால் இங்கத்து மலையாளத்தில் நோய். வீசிய பெட்டி என் காலடியில் விழுந்தது. வாங்காமல் வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில், ஊன்றுகோலும் முட்டுப்பட்டையும் விற்கும் கடையில் இதெல்லாம் கிடைக்கும் என்று வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சொல்லியிருந்தாள். அங்கே அளவெடுத்தது நாற்பது வயதுள்ள ஒரு மலையாளப் பெண். திரையை இழுத்துவிட்டு, ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னாள். பார்த்தாள். ஐந்து மாதத்தில் டாக்டரையும் நர்ஸையும் தவிர அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். முகம் மாறவில்லை. துணிக்கடையில் துணியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

டேப்பை மார்புக்குக் கீழே சுற்றி, நான் மூச்சை விட்ட பிறகு அளந்தாள். முன்பு நான் போட்ட அளவு தப்பு என்றாள். முப்பது வருஷமாகத் தப்பு. கீழ்ப்பட்டை தளர்வு, அதனால் எல்லாக் கனமும் தோளில் தொங்கியிருக்கிறது. தோளில் பட்டை பதிந்த தழும்பைத் தொட்டுக் காட்டினாள். இரண்டும் இருந்தபோதே எனக்குச் சரியான ப்ரா இருந்ததில்லை என்று அந்தத் திரைக்குள் நின்று தெரிந்துகொண்டேன்.

முன்னால் கொக்கி வைத்த பருத்தி ப்ரா ஒன்றைப் போட்டுவிட்டாள். அக்குள் பக்கம் உயரமாக இருந்தது, தழும்பின் முனை வெளியே வராத உயரம். உள்ளே இரண்டு பக்கமும் பை. இடது பையில் முதலில் சிலிக்கோனில் செய்த மார்பை வைத்தாள். கண்ணாடியில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரேடியேஷன் கரண்டு வைத்துக் கரிந்த தோல் எனக்கு இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை. அதன்மேல் அந்தக் கனம் சூடாகப் படிந்தது. நாலு நிமிஷத்தில் எரிந்தது.

அதை எடுத்துவிட்டுப் பஞ்சு அடைத்த ஒன்றை வைத்தாள். கனமே இல்லை. வலதைவிட ஒரு நூல் மேலே நின்றது.

"சேச்சி, காணான் சந்தம் வேணோ, இடான் சுகம் வேணோ?" பார்ப்பதற்கு அழகா, போடுவதற்குச் சுகமா என்று கேட்டாள்.

மணையில் ஐந்து மணி நேரம், ஹோமப் புகைக்கு முன்னால். நான் சுகத்தைக் கேட்டேன். அவளும் இன்னும் மூன்று மாதத்துக்கு அதுதான் சரி என்றாள். கைகளைத் தூக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள். கீழ்ப்பட்டை மேலே ஏறவில்லை. தோளில் போகும் பட்டைக்குள் இரண்டு விரல் போயிற்று. நானாகவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நெய் விடுவது போலக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை. அவள் சிரித்துவிட்டு, "பஞ்ஞி நனைக்கருது. குளிக்கும்போ ஊரணம்" என்றாள். பஞ்சை நனைக்காதே, குளிக்கும்போது எடுத்துவிடு.

வீட்டுக்கு வந்து டைரியில் எழுதினேன். 'ப்ரா: வாங்கியாயிற்று. பஞ்சு நனையக் கூடாது.' அந்த வரிக்குக் குறுக்கே கோடும் போட்டுவிட்டேன்.

அடுத்த பக்கத்தில் விழாவுக்கான பட்டியல். என் கையெழுத்துதான். 'அபிஷேகத்துக்குப் பிறகு: மாற்றுப் புடவை, மாற்று ரவிக்கை, உள்பாவாடை, துண்டு இரண்டு.' ஒரு காகிதத்தின் இரு பக்கங்கள். முப்பத்தோரு வருஷம் ஒரு கறிவேப்பிலை விட்டுப்போகாமல் பட்டியல் எழுதியவளுக்கு, அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. கோடு போட்ட வரியை நான் மறுபடி படிப்பதில்லை.

அன்றைக்குக் காலை மண்டபத்தில் நானே மடிசார் கட்டிக்கொண்டு வந்தேன். நாத்தனார் சுற்றி வந்து பார்த்தார். ரவிக்கையின் இடப்பக்கத்தைப் பார்த்தார். "பரவால்லையே" என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது என்று எழுதியிருக்கிறேன்.

ஹோமம் மூன்று மணி நேரம். எனக்கு உட்கார்ந்த இடத்தில் ஒரு வலியும் இல்லை. பக்கத்தில் என் கணவர்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். பிறகு எங்களை முற்றத்தில் பலகை போட்டு உட்காரவைத்தார்கள். தலைக்குமேல் சல்லடையைப் பிடித்தார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கலச ஜலத்தை ஊற்றினார்கள்.

முதல் குடம் தலையில் விழுந்தபோதுதான் எனக்கு 'நனைக்கருது' ஞாபகம் வந்தது.

எழுந்திருக்க முடியாது. பதினொரு பேர் ஊற்றினார்கள். ஏழாவது ஆளின்போது இடப்பக்கம் கனக்க ஆரம்பித்தது. பத்தாவது ஆளின்போது தொங்கிற்று. நாத்தனார் கடைசியாக வந்தார். நிறையவே ஊற்றினார்.

மாற்றுப் புடவை கட்டிவிடுவது நாத்தனாரின் உரிமை. அந்த அறையில் அவரும், அவர் மருமகளும், ஒன்றுவிட்ட மாமி ஒருவரும் இருந்தார்கள். ஈரப் புடவையை உரித்தார்கள். நாத்தனார் என் இடப்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தினார். தண்ணீர் வயிற்றில் வழிந்தது.

"அய்யே, இட்லித் துணின்னா வெச்சிண்டிருக்கா."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாத்தனார் மருமகளிடம், "போய் என் தம்பிகிட்டேந்து ரெண்டு கைக்குட்டை வாங்கிண்டு வா. அவளை இங்கேயே உக்காத்தி வெச்சுத் தாலியைக் கட்டிடலாம். யாரு பாக்கப்போறா?" என்றார்.

அடுத்தது தாலி கட்டுவது. அதற்குத்தான் சபை காத்திருந்தது. நான் பஞ்சை வெளியே எடுத்துப் பிழிந்து ஜன்னல் கம்பியில் வைத்தேன். ப்ராவைக் கழற்றிப் பிழிந்து அதையே திரும்பப் போட்டுக்கொண்டேன். கொக்கி முன்னால் இருந்ததால் யார் உதவியும் தேவைப்படவில்லை. இடது பை காலியாக ஒட்டிக்கொண்டது. உலர்ந்த ரவிக்கையைப் போட்டேன்.

"இப்படியேவா வரப்போறே? என் சம்பந்தி எல்லாம் முன்வரிசைலே உக்காந்திருக்கா."

"முகூர்த்தம் போறது அக்கா. கட்டுங்கோ."

"நான் கட்டமாட்டேன்."

"அப்போ தாலி முடிச்சும் நீங்க போடவேண்டாம். முடிச்சு போடறவாளுக்கு எடுத்த பட்டுப்புடவையை உங்க மாட்டுப்பொண்ணுக்குக் குடுத்துடறேன். அவ போடட்டும். அவளுக்கு அங்கம் எல்லாம் முழுசா இருக்கு. பல்லு உள்பட."

மருமகள் தரையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. நாத்தனாருடைய வாய் தானாக மூடிக்கொண்டது, மேல்வரிசை விழுந்துவிடும் என்று பயந்தது மாதிரி. புடவையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். தலைப்பை வலது தோளில் போட்டார். எனக்கு வருத்தமாக இல்லை. நெடுநாளாக அந்த வாக்கியம் தயாராக இருந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

சபைக்கு வந்தேன். முன்வரிசையில் ஒரு பெண்குரல், "இடதா?" என்றது. இன்னொன்று, "இடது" என்றது.

என் கணவர் தாலியைக் கையில் எடுத்தார். அவர் கண் ஒரு தடவை கீழே இறங்கியது. ஐந்து மாதத்தில் முதல் தடவை. பிறகு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்துக்கொண்டே கட்டினார். முதல் முடிச்சு தளர்வு. மற்ற இரண்டையும் நாத்தனார் பின்னாலிருந்து போட்டார். என் தலைமயிரையும் சேர்த்துப் போட்டார். அன்று சாயங்காலம் நாலு மயிரைக் கத்தரிக்கவேண்டி வந்தது.

மீதி இரண்டு மணி நேரம் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். குளிர்ந்தது. உரசவில்லை. அந்த மலையாளப் பெண் அளந்தது சரி.

நாற்பது நாள் கழித்து ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். அதில் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தது. ஸ்கேலை எடுத்து அளந்தேன். மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றுபோல் இருந்தது. இருபது வயதில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

போட்டோகிராபருக்குப் போன் செய்தேன். பாராட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தான். "வல்லிய அம்ம பறஞ்ஞது கொண்டாணு மேடம்" என்றான். நாத்தனார் சொன்னதால்தான் செய்திருக்கிறான். வேறொரு படத்திலிருந்து வலதை எடுத்து, திருப்பி, இடதில் ஒட்டினானாம். மாற்றாத படத்தைக் கேட்டேன். இடம் போதாமல் அழித்துவிட்டானாம்.

கணவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார். ஆணி அடிக்க நான்தான் ஸ்டூலைப் பிடித்தேன். போன வாரம் அவர் நண்பர் ஒருவர் வந்தார். நான் காப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வீட்டில் இப்போது பஞ்சு வைப்பதில்லை. தலைப்பு சரிந்திருந்தது. நண்பர் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு, "ஆத்துல உடம்பு இப்போ எப்படி இருக்கு?" என்று என் கணவரிடம் கேட்டார்.

என் கணவர் சுவரைக் காட்டினார். "பாருங்கோ. ஒண்ணும் தெரியலையே."

நண்பர் அண்ணாந்து பார்த்து, "ஆமாமாம்" என்றார். காப்பி ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கொடியில் ப்ரா காய்ந்திருந்தது. எடுத்து, கொக்கிகளை மாட்டி, காலி இடது பையை உள்ளே தள்ளி மறைக்காமல் அப்படியே மடித்து வைத்தேன்.